மூன்றாம் ஓலைக்கும் மார்கழிக்கும் நடுவில்

புதிதாகப் பணியில் சேரும் உபதேசியார்களுக்கு ஒரு நாள் வகுப்பு வைக்கிறார்களாம். திருவருகைக் காலத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தாருங்கள், உங்கள் அனுபவத்திலிருந்து இருந்தால் நல்லது என்று பொறுப்பில் இருக்கும் இளம் குருவானவர் கேட்டார். விளக்கம் மட்டும் கேட்டிருந்தால் ஒரு பக்கத்தில் முடித்திருப்பேன். அனுபவம் என்று கேட்டுவிட்டதால் லூர்து மாஸ்டரைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. அதற்கு நான் பொறுப்பல்ல.

முதலில் விளக்கம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்டது திருவருகைக் காலம். திருச்சபைக்கு வருடம் பிறப்பது அதன் முதல் ஞாயிறன்று. பீடத்தில் ஊதா. ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாட்டைப் பாடுவதில்லை, ஆனால் அல்லேலூயா உண்டு. இரண்டையும் சேர்த்து நிறுத்துகிறவர்கள் இதைத் தவக்காலம் என்று நினைத்துக்கொண்டவர்கள். பூ வைக்கலாம், அளவாக. இசைக்கருவி பாட்டுக்குத் துணை போகலாம், தனியாகக் கச்சேரி செய்யக் கூடாது. பச்சை வளையத்தில் நான்கு மெழுகுதிரிகள், மூன்று ஊதா, ஒன்று ரோஸ்; வாரத்துக்கு ஒன்றாக ஏற்ற வேண்டும், ரோஸ் மூன்றாம் ஞாயிறுக்கு. டிசம்பர் பதினாறு வரை வாசகங்கள் ஆண்டவரின் இரண்டாம் வருகையைப் பேசும். பதினேழிலிருந்து பெத்லகேம் பக்கம் திரும்பும். குடிலில் குழந்தையைக் கிறிஸ்துமஸ் இரவுக்கு முன் வைக்கக் கூடாது.

இவ்வளவுதான். நான் கடலூரிலும் சிதம்பரத்திலும் வேலை பார்த்த காலத்தில் இவையெல்லாம் முழுதாகக் கடைப்பிடிக்கப்பட்டது நான் பக்கத்தில் நின்றபோது மட்டும். அதனால் எனக்குக் ‘கூடாது சார்’ என்று பெயர் விழுந்தது. பெயர் வைத்தவர்கள் பாடகர் குழுவினர். அவர்களுக்கு வேறு எதிலும் அவ்வளவு கற்பனை இருந்ததில்லை.

என் படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குருமடத்தில் தத்துவம் வரை படித்தேன். பிறகு வெளியே வந்தேன். ஏன் என்று நான் சொல்லவில்லை, இரு என்று அவர்களும் சொல்லவில்லை. வெளியே வந்து ஒரு எம்.ஏ., உபதேசியார் பயிற்சி, பிறகு பங்கு பங்காக மாற்றல். உபதேசியார் என்றால் சாமியாருக்கும் சனங்களுக்கும் நடுவில் நிற்கிற ஆள். மறைக்கல்வி நடத்துவது, ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் காகிதம் சேர்ப்பது, சாவு வீட்டில் செபம் சொல்வது எல்லாம் அவர் வேலை. இரண்டு பக்கமும் திட்டும். 2004இல் கடலூருக்கு வந்து சேர்ந்தேன். கடலூர் பெரிய பங்கு. சிதம்பரம் அதன் கிளை. சனிக்கிழமை மாலை பேருந்து பிடித்து சிதம்பரம் போய், ஞாயிறு வழிபாட்டுக்கு எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டுத் திரும்புவேன். சிதம்பரத்தில் என் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. இருந்த குடும்பங்கள் கொஞ்சம், மறுசொல் சொல்ல ஆள் இல்லை என்றும் சொல்லலாம்.

பங்குத்தந்தை இஞ்ஞாசி சாமியிடம் வேலை பார்ப்பது தனிக் கலை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. யாராவது பேச ஆரம்பித்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அங்கியின் ஓரத்தால் துடைப்பார். துடைத்துக்கொண்டே இருக்கும் வரை தீர்ப்பு இல்லை. கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறினால் தீர்ப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். அதன்பின் பேசுவது வீண். இன்னொரு பழக்கமும் உண்டு. எதிரில் இருப்பவரை அவர் புகழ மாட்டார். அந்த அறையில் இல்லாதவரைத்தான் புகழ்வார். நான் எப்போதும் அந்த அறையில்தான் இருந்தேன். ஆகவே அவர் வாயால் நான் கேட்ட புகழெல்லாம் மற்றவர்களுடையது.

நான் வந்து சேர்ந்த வருடம் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் காலையில்தான் கடல் வந்தது. அதைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். கோயில் வளாகத்தில் தங்கவைத்த சனங்களுக்கு விரிக்க வேறு எதுவும் இல்லாமல் குடிலில் போட்டிருந்த வைக்கோலை அள்ளிக் கொடுத்தோம். ஆள் போதவில்லை. பண்ருட்டியிலிருந்து முந்திரி வியாபாரிகள் அனுப்பிய லாரியோடு ஒருவர் வந்து இறங்கினார். சாமான் இறக்கிவிட்டு லாரி திரும்பிப் போனது. அவர் போகவில்லை. அவர்தான் லூர்து.

பலாப்பழ மண்டியில் ஏலம் கூறி வளர்ந்த தொண்டை அவருக்கு. மைக் இல்லாமல் மைதானத்தின் மறுகோடி வரைக்கும் கேட்கும். கீபோர்டு வாசிப்பார், காதால் கேட்டதை வைத்து. நாலு மாதத்தில் சாமி அவரைச் சிதம்பரம் கிளைக்கு உபதேசியாராகப் போட்டுவிட்டார். பயிற்சி பிறகு கொடுத்துக்கொள்ளலாமாம். என் சனிக்கிழமைப் பேருந்து நின்றது. “ஒங்களுக்கு அலைச்சல் மிச்சம்” என்றார் சாமி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டே.

முதல் நாளே லூர்து என்னை மாமா என்று கூப்பிட்டார். எனக்கும் அவருக்கும் எந்த உறவும் கிடையாது. அவர் உலகத்தில் பாதிப் பேர் மாமா, மீதிப் பேர் மச்சான்.

கடல் வந்த பிறகு வந்த முதல் திருவருகைக் காலத்தில் கடற்கரைக் குப்பத்தில் ஒரு கூட்டம் வைத்தோம். நான் விளக்கம் சொன்னேன். ஆண்டவர் ஒருமுறை வந்தார், மறுபடி வருவார், நடுவில் ஒவ்வொரு நாளும் வருகிறார், இந்த மூன்று வருகைக்கும் சேர்த்துத்தான் காத்திருக்கிறோம் என்றேன். தயாரித்துக்கொண்டு போய்ச் சொன்ன உரை. மகனைப் பறிகொடுத்த ஒரு பெண் எழுந்து, “அவரு வந்தாரு, மறுநாளே கடலும் வந்துச்சே, இந்த வாட்டியும் வருமா?” என்று கேட்டார். துன்பத்தின் மறைபொருளைப் பற்றித் திருச்சபை என்ன போதிக்கிறது என்று நான் ஆரம்பித்தேன். பின்னாலிருந்து லூர்து, “வராதும்மா. இந்த வருசம் வராது. நான் இங்கயே ஒக்காந்திருக்கறேன், வந்தா என்னக் கேளு” என்றார்.

எந்த அடிப்படையும் இல்லாத பதில். வானிலை நிலையம்கூட அப்படிச் சொல்லாது. அந்த அம்மா உட்கார்ந்தார். சொன்னபடியே லூர்து கிறிஸ்துமஸ் கழிந்து இரண்டு நாள் அந்தக் குப்பத்திலேயே இருந்தார். கடல் வரவில்லை. கடல் அவருக்குச் சாதகமாக நடந்துகொண்டதில் எனக்கு வருத்தம் இருந்தது என்று எழுதினால் தவறாக எடுத்துக்கொள்வீர்கள். ஆனால் எனக்கு ஒரு கடல் இப்படி ஒத்துழைத்ததில்லை.

அதற்கு அடுத்த வருடம் டிசம்பர் பாதியில் ஒரு வேலையாகச் சிதம்பரம் போனேன். கோயிலில் குடில் கட்டி, விளக்குப் போட்டு, குழந்தையையும் வைத்திருந்தார்கள். திருவருகைக் காலத்தின் இரண்டாம் வாரம். மரியாளுக்கு இன்னும் பிரசவம் ஆகவில்லை. இடையர்கள் வந்து நிற்கிறார்கள், மூன்று ராசாக்கள் ஒட்டகத்தோடு வந்துவிட்டார்கள், கீபோர்டில் கிறிஸ்துமஸ் பாட்டு ஓடுகிறது.

“யார் வைக்கச் சொன்னது?” என்றேன்.

“பசங்க பாக்கணும்னாங்க மாமா. அதான் பத்து நாள் முன்னாடி பொறந்துட்டாரு. கொறமாசம்னு வெச்சிக்குங்க.”

நான் குழந்தை சுரூபத்தை எடுத்து, துண்டில் சுற்றி, பையில் போட்டுக்கொண்டு கடலூருக்குப் பேருந்து ஏறிவிட்டேன். ஒழுங்கின்படி நான் செய்தது சரி. கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை திருப்பிக் கொண்டுபோனபோது சிதம்பரத்துச் சனம் முழுவதும் சாலை ஓரத்தில் நின்றிருந்தது. பேருந்திலிருந்து நான் பையோடு இறங்கியதும் லூர்து மேளம் அடிக்க ஆரம்பித்தார். குழந்தை வருது, குழந்தை வருது என்று கூச்சல். என் கையிலிருந்து பையை வாங்கி அவர் தலையில் வைத்துக்கொள்ள, எல்லோரும் ஊர்வலமாகப் போனார்கள். அடுத்த வருடமும் அப்படியே வேண்டும் என்று கேட்டார்கள். கண்டிக்கப் போன ஒன்றைத் திருவிழா ஆக்கிவிட்டார் அந்த மனிதர். அதன்பின் ஒவ்வொரு வருடமும் குழந்தை கடலூரிலிருந்து பேருந்தில்தான் வந்தது. பேர் அவருக்கு, பயணச்சீட்டு எனக்கு.

“லூர்துக்கு சனங்களக் காக்க வைக்கத் தெரிஞ்சிருக்கு” என்றார் சாமி என்னிடம்.

பிறகு ஒரு நாள் லூர்துவே பேச்சுவாக்கில், “சாமிகிட்ட போனாலே ஒங்க பேச்சுதான் மாமா. அவர மாதிரி காகிதம் பாக்க ஆளில்ல, அவரப் பாத்துக் கத்துக்கன்னு உயிர எடுக்கறாரு” என்றார். எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. பிறகு யோசித்தேன். லூர்துவுக்குக் கிடைத்தது சனங்களைக் காக்க வைக்கத் தெரிந்தவர் என்ற பேர். எனக்குக் காகிதம்.

பொறாமை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். சொல்லத் தயக்கமில்லை. லூர்து மேல் மட்டும் இல்லை, சிதம்பரத்தின் மேலேயே எனக்குப் பொறாமை உண்டு. மார்கழி பிறந்துவிட்டால் கீழ வீதியில் குளிர் விடியலில் பெண்கள் தலைக்குக் குளித்துக் கோலம் போட்டுவிட்டு நிற்பார்கள். திருவாதிரைக்கு நடராசர் தேரில் வெளியே வருவார், அதுவரை ஊரே ஒரு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவர்களுக்கு யாரும் வகுப்பெடுத்ததில்லை. எங்கள் ஆட்களுக்கு நான்கு ஞாயிறும் விளக்கம் சொல்லியும், “கேக் எப்ப சார்?” என்றுதான் கேட்டார்கள். எங்கள் காலம் பெத்லகேம் பக்கம் திரும்புகிற அதே நாளை ஒட்டித்தான் மார்கழியும் பிறக்கிறது. இதைக் கவனித்துச் சொன்னவன் நான். லூர்து அதை வைத்து ஒரு பாட்டு கட்டிவிட்டார்.

இனி அந்தக் கல்யாணம். நான் சொல்ல வந்ததே அதைத்தான்.

சூசை அண்ணன் சிதம்பரத்தில் கொத்தனார். கிளைக் கோயிலின் மதில் அவர் எழுப்பியது. மனைவி இல்லை, ஒரே மகள் ஜெசிந்தா, தையல் பயிற்சி நிலையத்தில் வேலை. கீழ வீதியில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பையன் கார்த்திக்கும் அவளும் விரும்பினார்கள். சிவன் கோயிலைச் சுற்றியே வாழ்கிற குடும்பம். முதலில் இரண்டு வீட்டிலும் சண்டை, பிறகு சமாதானம், கல்யாணம் எங்கள் கிளைக் கோயிலில் என்று பேசித் தை மாதத்துக்கு முடிவு செய்திருந்தார்கள். 2009 நவம்பரில் சூசை அண்ணனுக்கு நுரையீரலில் கட்டி என்று தெரிந்தது. மருத்துவர் ஜெசிந்தாவைத் தனியே கூப்பிட்டு, தை வரைக்கும் எதிர்பார்க்காதே, கிறிஸ்துமஸே சந்தேகம்தான் என்று சொல்லிவிட்டார். அவள் அப்பாவிடம் மறைக்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: கண் மூடுவதற்குள் கோயிலில் அவள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்க வேண்டும்.

அந்த வாரம் முடிந்தால் திருவருகைக் காலம். நம் பக்கத்தில் இந்தக் காலத்தில் கல்யாணம் வைப்பதில்லை. அது முடிவதற்குள் மார்கழி பிறந்துவிடும். பையன் வீட்டில் மார்கழியில் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டார்கள். நம் கதவு திறக்கும்போது அவர்கள் கதவு சாத்தியிருக்கும். இரண்டும் திறந்திருப்பது தையில்தான்.

நான் சூசை அண்ணனைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன். வாசலில் டீக்கடையில் லூர்து நின்றிருந்தார். முகம் செத்திருந்தது.

“முடியாதுன்னு சொல்லிட்டேன் மாமா. அட்வெந்துல கல்யாணம் கெடையாதுன்னு. அந்த மனுசன் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துகினாரு.”

“யார் சொன்னது கிடையாதுன்னு?”

“நீங்கதான். நாலு வருசமா சொல்றீங்களே.”

நான் சொன்னது வழக்கம் இல்லை என்று. சட்டத்தில் தடை இல்லை. மணமக்களுக்குக் காலத்தின் தன்மையை எடுத்துச் சொல்லி, ஆடம்பரம் இல்லாமல், ஞாயிறைத் தவிர்த்து வைக்கலாம். இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் வலியப் போய்ச் சொன்னதில்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு நான் அந்த மனிதரைப் பார்த்தேன். லூர்து மாஸ்டர், சிதம்பரம் சனங்களின் செல்லப்பிள்ளை, ஒரு சாகிற மனிதரிடம் முடியாது என்று சொல்லியிருக்கிறார். அது தவறு. நான் முடியும் என்று சொல்லப்போகிறேன். இந்த வேலையில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்தும் இப்படி ஒரு வாய்ப்பு எனக்கு வாய்த்ததில்லை.

“முடியும்” என்றேன்.

அவர் முகம் கறுக்கும் என்று எதிர்பார்த்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நடுத்தெருவில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். டீ என் சட்டையில் கொட்டியது. வெற்றியைக்கூட நிம்மதியாக அனுபவிக்க விட மாட்டார்.

அன்று மாலையே கடலூரில் சாமியிடம் போனேன். கண்ணாடியைக் கழற்றினார். நான் சொல்லச் சொல்லத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“கல்யாணம் கேக்கறது நீங்களா, உபதேசியாரே?”

“ஆமாம் சாமி.”

“லூர்து கேட்டா எனக்குப் புரியும்.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “சரி. ஆனா ஓலைய விடக் கூடாது. மூணு ஞாயிறும் படிக்கணும். பையன் வேற மதம், நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது.”

ஓலை என்பது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கோயிலில் படிக்கிற அறிவிப்பு. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு தொடங்கி மூன்றாம் ஞாயிறோடு மூன்று ஓலையும் முடியும். அதற்கு மறுநாள் திங்கள். புதன்கிழமை மார்கழி. அந்தச் சின்ன இடுக்கில்தான் கல்யாணம் நுழைய வேண்டும். அதற்குள் ஆயரின் மேற்றிராசன அலுவலகத்திலிருந்து வேற்று மதத்தவரை மணக்க அனுமதி வாங்க வேண்டும். சூசை அண்ணன் உயிரோடு இருக்க வேண்டும். முதலாவதை நான் பார்த்துக்கொள்ளலாம்.

லூர்துவும் நானும் கீழ வீதிக்குப் போனோம். பையனின் அம்மா திலகம் பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“திங்கக்கெழமையா? தேய்பிறை ஆச்சே” என்றார்.

கடைக்கணக்கை மூடிவிட்டு அவர் கணவர் ராமலிங்கம் நிமிர்ந்தார். “சம்பந்தியே தேஞ்சிகினு இருக்கறாரு. நீ பிறையப் பாக்கற.”

திலகம் பஞ்சாங்கத்தில் விரலை ஓட்டினார். பிறகு, “கார்த்திக மாசத்துக் கடைசி சோமவாரம்தான் அது. சிவனுக்கு உகந்த நாளு. செய்யலாம்” என்று பஞ்சாங்கத்தை மூடினார். அடுத்தாற்போல என்னைப் பார்த்து, “ஆமா, ஒங்க கோயில்ல அந்த மாசம் கல்யாணம் கூடாதுன்னு லூர்து தம்பி சொன்னுச்சே?” என்றார்.

“அவருக்குத் தெரியாதும்மா” என்றேன். லூர்து பக்கத்தில் இருந்தார். “ஆமாம்மா, எனக்கு ஒரு எழவும் தெரியாது. மாமாவுக்குத்தான் எல்லாம் தெரியும்” என்று சிரித்தார். அந்த வீட்டில் அவருக்கு இரண்டாவது முறை காபி வந்தது. எனக்கு வரவில்லை.

அதன் பிறகு எல்லாம் மழை. டிசம்பர் மழையில் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் வயல்களெல்லாம் குளமாகக் கிடக்க, நான் பையனின் சான்றுகள், பெண்ணின் ஞானஸ்நானச் சான்று, பிறக்கும் பிள்ளைகளைப் பற்றி அவள் கொடுக்க வேண்டிய வாக்குறுதி, சாட்சிகள் என்று பிளாஸ்டிக் உறையில் சுற்றிக்கொண்டு அலைந்தேன். இரண்டு பேருக்கும் திருமணத் தயாரிப்பு வகுப்பை நானே எடுத்தேன். திருவருகைக் காலத்தின் தன்மையை விளக்கினேன். “அப்ப எங்க ஊட்ல மார்கழி மாதிரிதான் சார்” என்றான் கார்த்திக். அந்தப் பையனிடமும் எனக்கு அந்த நேரத்தில் கொஞ்சம் எரிச்சல் வந்தது. வளையத்தையும் நான்கு திரியையும் வைத்து நான் பாதி நேரம் விளக்கியதை அவன் பிறந்த வீட்டிலிருந்தே எடுத்து வந்திருந்தான்.

மேற்றிராசன அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் தியானத்துக்குப் போயிருந்தார். வருவார் என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை. வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். மறுநாளும் போய் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்திருந்தபோது லூர்துவிடமிருந்து போன் வரும்.

“மாமா, அண்ணன் கேக்கறாரு, வந்துச்சான்னு.”

“இன்னும் இல்லை.”

“கஞ்சி எறங்கல. சாமி வந்து எண்ணெ பூசி நோயில்பூசுதல் குடுத்துட்டாரு. இருந்தாலும் கேட்டுகினேதான் இருக்கறாரு. நான் என்ன சொல்லட்டும்?”

“வரும்னு சொல்லுங்க.”

அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே பக்கத்தில், “வருதுண்ணே, வருது, மாமா வாங்கினு வருவாரு” என்று சொல்வது கேட்கும். பிறகு சூசை அண்ணனின் இருமல். பிறகு இருவரும் எதற்கோ சிரிப்பது. சாகக் கிடக்கிற மனிதர், தொண்டையில் கஞ்சி இறங்காதவர், சிரிக்கிறார். நான் பெஞ்சில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்காகத்தான் காத்திருந்தோம். அவருக்குக் கிடைத்தது ஆள். எனக்குக் கிடைத்தது பெஞ்சு.

புதிய உபதேசியார்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். திருவருகைக் காலத்தைப் பற்றிப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் எனக்குத் தெரியும். காத்திருப்பது ஒரு வேலை என்பதும், அதை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்யலாம் என்பதும் எந்தப் புத்தகத்திலும் இல்லை; அந்தப் போனில்தான் கேட்டேன். அதைச் செய்கிற இடத்தில் நான் இல்லையே என்று வயிறு எரிந்தது. எரிந்ததால்தான் மூன்றாம் நாளும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன். அனுமதியை வாங்காமல் சிதம்பரத்தில் போய் இறங்கினால் லூர்து என்னைத் தேற்றுவார். அந்த ஒன்றை என்னால் தாங்க முடியாது.

சனிக்கிழமை கையெழுத்து ஆயிற்று. ஞாயிறு மூன்றாம் ஓலை. ரோஸ் மெழுகுதிரி ஏற்றினோம்.

திங்கட்கிழமை காலையில் நான் கோயிலுக்குப் போனபோது லூர்து ஒரு குட்டியானை நிறையச் சாமந்தியும் ரோஜாவும் இறக்கிக்கொண்டிருந்தார். வாழை மரம், சீரியல் விளக்கு எல்லாம் இருந்தது.

“கூடாது” என்றேன்.

“அண்ணனுக்காக மாமா.”

“யாருக்காகவும் கூடாது. அந்த நிபந்தனையில்தான் சாமி ஒத்துக்கிட்டாரு.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “மதிலுக்கு வெளிய அட்வெந்து உண்டா?”

“மதில் வரைக்கும்தான்.”

தெருவில் இரண்டு பக்கமும் பூவும் விளக்கும் நின்றன. மதிலுக்கு உள்ளே ஒன்றும் இல்லை. பீடத்தில் ஊதாத் துணி, பக்கத்தில் சவுக்குக் கிளையில் கட்டிய வளையம், அதில் எரிகிற மூன்று திரி. திருப்பலி இல்லை, வேற்று மதத் திருமணத்துக்கு இறைவார்த்தை வழிபாடு மட்டும். சூசை அண்ணனை வேனில் கொண்டுவந்து நாலு பேர் கட்டிலோடு தூக்கி முன்வரிசையில் வைத்தார்கள். ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருங்கியிருந்தார். கண்ணை மெல்லச் சுழற்றிப் பார்த்தார்.

“பூ ஒண்ணும் காணோமே உபதேசியாரே.”

“திருவருகைக் காலம்ணே. இப்படித்தான் இருக்கும்.”

“நல்லதாப் போச்சு. கண்ணு கூசல. புள்ள மட்டும் தெரியறா.”

எதிர் வரிசையில் திலகம் பட்டுப்புடவையில், நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தார். சாமி தாலியை மந்திரித்துக் கொடுத்தார். கார்த்திக் இரண்டு முடிச்சுப் போட்டான். மூன்றாவது முடிச்சுக்கு ராமலிங்கத்தின் தங்கை உதவினார். சூசை அண்ணன் அழவில்லை. கொத்தனார் மதிலைத் தூக்குக் குண்டு விட்டுப் பார்ப்பதுபோல ஒரு கண்ணைச் சுருக்கி, அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீபோர்டு கூடாது என்று சொல்லியிருந்தேன். லூர்து வெறும் தொண்டையில் பாட ஆரம்பித்தார். திருவருகைக் காலத்துப் பாட்டுதான், அந்த வாரத்துக்கு உரியதுதான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தார். நாலு வருடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லாத முதல் பாட்டு. குறை சொல்ல ஒன்றும் இல்லாததும் எனக்குக் குறையாகத்தான் இருந்தது.

மணமக்கள் மறுநாள் நடராசரைக் கும்பிடப் போனார்கள் என்று கேள்வி. என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

மார்கழி பிறந்த அன்று காலை சூசை அண்ணனைப் பார்க்கப் போனேன். வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். இனி மருத்துவமனையில் செய்ய ஒன்றுமில்லை. தெருவில் அப்போதுதான் போட்ட கோலங்களைத் தாண்டித் தாண்டி நடந்தேன். லூர்து கட்டிலுக்குக் கீழே தரையில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார், வாய் திறந்து. சூசை அண்ணன் விழித்திருந்தார். என்னை அருகில் கூப்பிட்டார். நான் குனிந்தேன். மூச்சுக்கு நடுநடுவே பேசினார்.

“அந்தத் தம்பி இல்லன்னா… எம்பொண்ணு கல்யாணம்… நடந்திருக்குமா?”

என் நாக்கு நுனியில் எல்லாம் வந்து நின்றது. மழை, பேருந்து, பிளாஸ்டிக் உறை, பெஞ்சு, கையெழுத்து. இந்தக் கல்யாணம் முடியாது என்று அவரிடம் வந்து சொன்னவரே அந்தத் தம்பிதான் என்பதும் வந்து நின்றது. அந்த மனிதரின் கண் என் மேல் இருந்தது. டீக்கடையில் லூர்து வேறு பதில் சொல்லியிருந்தால், அவரே முடியும் என்று சொல்லியிருந்தால், நான் மாலைப் பேருந்தில் வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பேன் என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

“நடந்திருக்காதுண்ணே” என்றேன்.

அவர் தலையை அசைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் போய்விட்டார். எத்தனையோ பேருக்கு எத்தனையோ விளக்கம் சொன்னவன் நான். இவ்வளவு சுத்தமான உண்மையை ஒருவரிடமும் சொன்னதில்லை. கீழே படுத்திருந்தவருக்கு அது காதில் விழவில்லை. இந்தக் கட்டுரையை அச்சிட்டால் சிதம்பரத்துக்கும் ஒரு பிரதி போகும். படித்துவிட்டு அழுதுகொண்டே வந்து என்னைக் கட்டிப்பிடிப்பார். பிடிக்கட்டும். அன்றைக்கு நல்ல சட்டையாகப் போட்டுக்கொள்ளக் கூடாது.